மனசு வச்சுத் தச்சீங்களா?

இந்த மாத வேதபாடப் பக்கத்தை எழுதும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் சொன்னபோது நான் தயங்கினேன். நான் வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. 1977-ல் எட்டாம் வகுப்போடு நின்று, பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கப் போனவன். "அதனாலதான் தம்பி உங்கள எழுதச் சொல்லுதேன்" என்றார் ஐயா.

காரணம் இதுதான். போன மாதம் ஆண்கள் ஐக்கியத்தில், ஒவ்வொருவரும் எழுந்து நின்று, என்ன தொழில், அது எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள் என்றார்கள். முப்பது பேர் இருந்திருப்போம். "ஏதோ ஓடுது." "வண்டி உருளுது பாஸ்டர்." "வயித்துப் பொழைப்புக்கு ஒண்ணு வேணுமே." ஆட்டோ ஓட்டுகிற ஒரு சகோதரன், "ஆண்டவர் வர்ற வரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனதில் ஏதோ குத்தியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கைதட்டிப் பாடி அனலாயிருக்கிற நாம், திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஏன் இப்படிச் சாம்பலாகிப் போகிறோம்?

அன்றைக்கு ஒரு வாலிபத் தம்பி மாத்திரம், "வேலையில ஒரு பேஷன் வேணும் அங்கிள், இல்லேன்னா அதைச் செய்யவே கூடாது" என்றான். நான் தையற்காரன் அல்லவா, புது மாடல் காலர், புது மாடல் கை என்று உடுப்பைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன்! அவன் சொன்னது வேறு. செய்கிற வேலையில் ஒரு வாஞ்சை, ஒரு தீராத ஈடுபாடு, அதைத்தான் சொன்னான். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பாடம். ஆனால் முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் வேதத்தை எடுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

1988-ல் சொந்தமாகக் கடை போட்டேன். 1991-ல் ஆண்டவர் என்னைச் சந்தித்தார். அதற்குப் பிறகு எனக்குள் ஒரு எண்ணம் வேர்விட்டது. கடை என்பது உலகம், சபை என்பது பரலோகம். கத்தரி பிடிக்கிற நேரம் வீண், மைக் பிடிக்கிற நேரம்தான் தேவனுக்குரியது. உபவாசக் கூட்டம், கன்வென்ஷன், கைப்பிரதி ஊழியம் என்று ஓடுவேன். கடையில் துணி குவிந்து கிடக்கும். வாங்க வந்தவர்களிடம், "நாளைக்கு வாங்க" என்பேன். தையற்காரனுடைய "நாளைக்கு" என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பொய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தொழில் பேச்சு என்றே நினைத்தேன்.

1998-ல், ஒரு கல்யாண மாசத்தில், பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு விதவைத் தாயார் மகளுடைய முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்தார்கள். அவர்கள் நம்முடைய சபையார் அல்ல, பக்கத்துத் தெரு. பட்டுச் சேலையோடு வந்த துணி. அதைப்போல இன்னொன்று கடையில் கிடைக்காது. அளவு நோட்டில் மார்பு 34 என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். வெட்டினது 32-க்கு. ஏன் தெரியுமா? அன்று இரவு கன்வென்ஷன் மேடையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். துணியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, மேடையில் என்ன பேசலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே கத்தரியை ஓட்டினேன்.

தைக்கும்போது தவறு தெரிந்துவிட்டது. அந்த நேரத்திலாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் இழுத்து, ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் ஒரு நூல் கனம்கூட இல்லாமல் ஓட்டி, மேலே இஸ்திரி போட்டு, மடித்து, பளபளவென்று கொடுத்துவிட்டேன். கூலி 60 ரூபாய் வாங்கிக்கொண்டேன். பட்டு பிரிகிற துணி. உள்ளே ஓரம் விடாமல் தைத்தால் தையல் பிடிக்காது, இழை இழையாக விட்டுப்போகும். இது காஜா எடுக்கிற பையனுக்கும் தெரியும்.

மணமேடையில் மாலை மாற்றக் கையைத் தூக்கியபோது அக்குளிலிருந்து பக்கவாட்டில் பிரிந்துவிட்டது. அந்தப் பெண் கையை இறுக்கிக்கொண்டே முகூர்த்தம் முடிய நின்றாளாம். யாரோ ஒரு அத்தை சேலையை இழுத்து மூடினார்களாம்.

நான்கு நாள் கழித்து அந்தத் தாயார் கடைக்கு வந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்து, துணி மேல் பழி போட ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர்கள் சத்தமே போடவில்லை. "அண்ணாச்சி, நீங்க ஜெபம் பண்ணுத ஆளு. மனசு வச்சுத் தைப்பியன்னு நெனச்சுதான் ஒங்ககிட்ட குடுத்தேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மனசு வச்சுத் தச்சீங்களா?" என்று கேட்டார்கள். ஆயத்தம் பண்ணின பதில் தொண்டையில் நின்றுவிட்டது.

அந்த வாரமே பாஸ்டர் ஐயாவிடம் போய், "ஐயா, எனக்கு இந்தத் தொழில்ல மனசே ஒட்டல. கடைய மூடிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துடுறேன்" என்றேன். அப்போதிருந்த பெரிய ஐயா நான் சொன்னது முழுவதையும் கேட்டார். பிறகு, "தம்பி, மொதல்ல அந்த அம்மாட்ட போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. ஊழியத்தப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அழைப்பைப் பற்றிப் பேசப் போனால் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று.

ஆனாலும் போனேன். அந்தத் தாயார் திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். துணிக்கும் கூலிக்கும் என்று பணத்தை நீட்டினேன். வாங்கி, எண்ணிப் பார்த்து, 60 ரூபாயை மாத்திரம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். "துணி போனது போனதுதான்" என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தாலும் விரல் நிற்கவில்லை. இலையை வெட்டி, தூளைப் பரத்தி, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி, அவ்வளவும் கண் பார்க்காமலேயே நடக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிரித்துப்போட்டு மறுபடி சுற்றினார்கள். "இது கோணலாப் போச்சு. இத நான் குடிக்கப் போறதில்ல, யாரோ குடிச்சுக் கரியாக்கப் போறான். ஆனாலும் கோணலாச் சுத்தினா எனக்கே பிடிக்காது" என்றார்கள்.

பீடி நல்ல பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கிறவனையும் கெடுத்து, சுற்றுகிறவர்களையும் இருமவைக்கிற தொழில் அது. அந்தத் தாயாருக்கு வேறு வழி இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பிடிக்காத வேலையில், ஆயிரத்துக்கு இத்தனை என்று கூலி வாங்குகிற வேலையில், அந்த அம்மாவுக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. அபிஷேகம் பெற்றவன் என்று சொல்லிக்கொண்ட எனக்கு இல்லை! அவர்கள் அதற்குப் பிறகு என் கடைக்குத் துணி கொண்டுவரவில்லை. கடையைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போவார்கள். பார்த்தால் "நல்லாருக்கீளா அண்ணாச்சி" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

இனி வேதத்துக்கு வருவோம்.

தேவன் ஒரு மனுஷனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பினதாகத் தாமே சொல்லுகிற முதல் இடம் எது? கூட்டத்தில் கேட்டால் ஆபிரகாம், மோசே, சாமுவேல் என்று பதில் வரும். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அவன் தீர்க்கதரிசி அல்ல, ஆசாரியனும் அல்ல. யூதா கோத்திரத்து பெசலெயேல். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன், ரத்தினக்கல் வெட்டுகிறவன், மரம் செதுக்குகிறவன். அவனோடுகூட தாண் கோத்திரத்து அகோலியாப். இவன் நெசவும் பூத்தையலும் தெரிந்தவன் என்று 38:23-ல் இருக்கிறது. அதற்கு முன்பே 28:3-ல், ஆரோனுக்கு வஸ்திரம் செய்கிறவர்களுக்குத் தேவன் ஞானத்தின் ஆவியைக் கொடுத்தார் என்று வாசிக்கிறோம். யோசித்துப் பாருங்கள், தையற்காரருக்கு ஆவி! எழுப்புதல் கூட்டங்களில் இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கத்தை நான் கேட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த இரவு, இந்த 28-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டே வந்தவன் 32-ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். பிரதான ஆசாரியன் தலைவழியாகப் போடுகிற நீல அங்கியின் கழுத்துத் துவாரத்தைப் பற்றி அங்கே ஒரு கட்டளை இருக்கிறது. அந்தத் துவாரத்தைச் சுற்றிலும் நெய்த விளிம்பு இருக்க வேண்டும், அது கிழிந்துபோகக் கூடாது. தைக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். தலைவழியாகப் போட்டுக் கழற்றுகிற எந்த உடுப்பும் முதலில் விடுகிற இடம் கழுத்துதான். ஒவ்வொரு தடவையும் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழும். அதனால்தான் இன்றைக்கும் ஜிப்பாவுக்குக் கழுத்துப் பட்டி வைக்கிறோம். சீனாய் மலையில் இடிமுழக்கத்தோடும் அக்கினியோடும் இறங்கின தேவன், ஒரு உடுப்பின் கழுத்து கிழிந்துவிடக் கூடாது என்று மோசேயிடம் சொல்லியிருக்கிறார். நானோ நூல் கனம் ஓரம் விட்டு ஒரு ஏழைப் பெண்ணை மணமேடையில் நிறுத்தினவன். அந்த இரவு அழுதேன். அல்லேலூயா என்று சொல்லி அழுகிற அழுகை அல்ல. அது வேறு.

இப்போது அந்த வாலிபத் தம்பி சொன்னதற்கு வருகிறேன். வாஞ்சை இருந்தால்தான் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றான். கொலோசெயர் 3:23-ல் எதைச் செய்தாலும் மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லுகிறார் பவுல். மூலபாஷையில் அந்த வார்த்தைக்கு ஆத்துமாவிலிருந்து என்று அர்த்தம். நம்முடைய ஊர்ப் பேச்சில் சொன்னால் மனசு வச்சு. சரி, இதை யாருக்கு எழுதினார்? அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். அது அடிமைகளுக்கு எழுதினது. தொழிலைத் தெரிந்துகொள்ளவோ எஜமானைத் தெரிந்துகொள்ளவோ உரிமை இல்லாதவர்கள் அவர்கள். பிடித்த வேலையைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு, ஆத்துமாவை அந்த வேலையில் வைக்க முடியும் என்று பவுல் எழுதுகிறார். அப்படியானால் வாஞ்சை வேலையிலிருந்து வருவது அல்ல. நாம் கொண்டுபோய் வைப்பது.

இதைச் சொல்லி ஒருவரையும் கட்டிப்போடாதிருங்கள். பொய் சொல்லாமல் செய்ய முடியாத வேலை, மற்றவனைக் கெடுக்கிற வேலை என்றால் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். சுதந்திரம் அடையக் கூடுமானால் அடைந்துகொள் என்று அடிமைகளுக்கே 1 கொரிந்தியர் 7:21-ல் பவுல் வழி சொல்லியிருக்கிறார். முதலாளிமாரும் இந்த வசனத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. "மனசு வச்சு வேலை செய்ங்கப்பா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டுக் கூலியைக் குறைத்தால், கொலோசெயர் 4:1 உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீதியும் சமானமுமானதைக் கொடுக்க வேண்டும் என்று எஜமான்களுக்குச் சொல்லுகிற வசனம் அது. எனக்கும் இதில் பங்கு உண்டு. காஜா எடுக்கிற பையன்களுக்குச் சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமை, புதன்கிழமை என்று இழுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காணிக்கையைத் தவறாமல் போட்டுக்கொண்டு.

சரி, மனசை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? ஜெபித்தேன், மறுநாள் அனல் பற்றிக்கொண்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் நான் செய்தது, அளவை வாயால் சத்தமாய்ச் சொல்லி, நோட்டைப் பார்த்து, துணியில் சாக்பீஸ் போட்ட பிறகு மறுபடி டேப் வைத்துப் பார்ப்பது. இரண்டாவது, "நாளைக்கு" என்கிற வார்த்தையை விட்டேன். முடியாது என்றால் முடியாது. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் இத்தனை உருப்படிதான் என்று எண்ணிக்கை வைத்து நிறுத்திக்கொண்டேன். முதல் வருஷம் வருமானம் நன்றாகக் குறைந்தது. வீட்டில், "மத்த கடைக்காரங்க எல்லாம் வாங்கிப் போடுறாங்க, நீங்க திருப்பி அனுப்புறீங்க" என்று வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட நகையை அடகு வைத்தோம்.

அதற்கு மேல் ரெடிமேட் வந்தது. 2000-க்குப் பிறகு சட்டை தைக்கக் கொடுக்கிற ஆள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. தையல் கூலியின் விலைக்கே தைத்த சட்டை கிடைத்தால் யார் தைக்கக் கொடுப்பார்கள்? பழக்கமான எத்தனையோ கடைகள் மூடினார்கள். திருப்பூருக்குப் போய் கம்பெனியில் சேர்ந்தவர்கள் பலர்.

2004 என்று நினைவு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை அவர் மனைவி ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். சட்டை போட்டுவிடுவது தினமும் போராட்டமாக இருக்கிறது, கை மடங்காது, இழுத்தால் வலிக்கிறது, கத்துகிறார் என்றார்கள். ரெடிமேட் கடையில் இரண்டு சைஸ் பெரியதாக வாங்கிப் பார்த்தார்களாம். தோளில் நிற்காமல் வழிந்ததாம். "இவருக்கு ஒரு சட்டை, சட்டை மாதிரியே இருக்கணும். நைட்டி மாதிரி இருந்தா போட மாட்டாரு" என்றார்கள்.

அன்று இரவு வெகுநேரம் மேஜை முன் உட்கார்ந்திருந்தேன். பழைய வேட்டித் துணியில் வெட்டிப் பார்த்தேன். கடைசியில், விழுந்த கைப்பக்கம் தோள் தையலையும் கையின் மேல் தையலையும் திறந்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுகிற பட்டையை வைத்து, மேலே மடிப்பு மறைக்கிற மாதிரி தைத்தேன். முன்பக்கம் பட்டன் வெளியே தெரியும், ஆனால் அது அழகுக்குத்தான், அடியில் ஒட்டுகிற பட்டை. கையை இழுக்காமல், கையின் மேல் சட்டையை வைத்து மூடினால் போதும். போட்டுவிட்டபோது வாத்தியார் கண்ணாடியில் பார்த்தார். வாய் கோணினதால் பேச்சு சரியாய் வராது. இடது கையால் பையைத் தொட்டுக் காட்டினார். பேனா குத்த ஒரு பட்டை வேண்டுமாம்! எழுத முடியாத கை, ஆனால் வாத்தியாருக்குப் பையில் பேனா வேண்டும். தைத்துக் கொடுத்தேன்.

அந்த நாளில்தான் இருபத்தேழு வருஷம் செய்த தொழில் எனக்குப் பிடித்தது. ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் பொருந்துகிற உடம்புக்குத் தைத்தது. கூன் விழுந்த பாட்டி, ஒரு தோள் தாழ்ந்தவர், போலியோவால் ஒரு கால் சூம்பினவர், மார்பில் அறுவை செய்துகொண்ட சகோதரி, இவர்களுக்கு அந்தக் கடையில் உடுப்பு கிடையாது. இவர்களை அளவெடுக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் டேப். என் கடை இன்றைக்கும் மூடாமல் இருப்பது இவர்களால்தான். பணக்காரன் ஆகிவிடவில்லை. அடகு வைத்த நகையை மீட்டு, கடன் இல்லாமல் இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இந்த இடத்தில் ஒரு தேவ மனுஷனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம்முடைய கொல்லிமலையில் பிறந்தவர். மலைவாழ் ஜனங்கள் நடுவில் ஊழியம் செய்த அவருடைய தகப்பனார் 1929-ல் காய்ச்சலில் மரித்தார். அப்போது படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த மகன், தகப்பனைப் போல வீடு கட்டிக் கொடுக்கிற மிஷனெரியாக இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று தச்சு வேலையும் கொத்து வேலையும் சில வருஷம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மருத்துவத்தில் நாட்டம் வந்தது. அப்படியானால் செங்கலோடும் இழைப்புளியோடும் போன வருஷங்கள் வீணா? கேளுங்கள்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கி விறைத்துப்போன விரல்களை உடைய ஒரு நோயாளியின் கையைப் பிடித்தார். அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கையில் பலமுள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன என்று அப்போது அவருக்குப் புரிந்தது. நல்ல தசையின் நரம்புநாணை எடுத்து, செயலற்றுப்போன விரலுக்கு மாற்றிக் கட்டுகிற அறுவையை வேலூரில் செய்து, விரல்களை நிமிர்த்தினார்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, பிழைப்பு கெட்டுப்போனது என்றார்கள். மடங்கின கைக்குப் பிச்சை விழுந்தது, நிமிர்ந்த கைக்கு விழவில்லை! நோய் இருந்ததென்று தெரிந்தவர்கள் வேலையும் தரவில்லை. டாக்டர் என்ன செய்தார்? மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு இல்லத்தையும் மரவேலைப் பட்டறையையும் ஏற்படுத்தி, அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். லண்டனில் பிடித்த உளி வேலூரில் வேலைக்கு வந்தது. பட்டறையில் அவர்களோடு நின்று வேலை செய்தபோதுதான், உணர்ச்சியில்லாத கையை எந்தக் கைப்பிடி காயப்படுத்துகிறது, எந்தச் சாவியை அளவுக்கு மேல் பலமாய்த் திருகுகிறார்கள் என்று பார்த்தார். விரல்கள் அழுகி விழுவது நோயினால் அல்ல, வலி தெரியாததால் உண்டாகிற காயங்களால்தான் என்பதை அவர் கண்டுகொண்டதற்கு அந்தப் பட்டறையும் ஒரு காரணம். 2003-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சத்திர வைத்தியர் என்று உலகம் அறிந்தது. எனக்கு அவர் தச்சரும்கூட.

பவுல் அப்போஸ்தலரைச் சொல்லாமல் விட முடியாது. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளுடைய வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணினார் (அப். 18:3). கூடாரத் துணியோ தோலோ எதுவானாலும், அந்தக் கனத்த சரக்கில் ஊசி ஏற்றினால் விரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எபேசுவில் அவருடைய சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய் வியாதியஸ்தர் மேல் போட்டபோது சுகமானார்கள் (அப். 19:12). நம்முடைய கூட்டங்களில் அடிக்கடி பிரசங்கிக்கிற வசனம். அவை தொழில் செய்கிறவன் தலையில் கட்டுகிற வேர்வைத் துணியும், இடுப்பில் கட்டுகிற வேலைத் துணியும்தான் என்று விளக்கவுரை எழுதின பலர் சொல்லுகிறார்கள். கர்ச்சீப்பை ஜெபித்து வாங்குகிற நாம், அன்றைக்கு அதில் வேர்வை இருந்தது என்பதை நினைப்பதில்லை.

அன்னாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் பிள்ளையைப் பார்ப்பாள், ஒவ்வொரு வருஷமும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள் (1 சாமு. 2:19). பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று பார்க்காமலேயே அளவு வைக்க வேண்டும். எந்த மாஸ்டராலும் முடியாது. அவள் அவனை நினைத்துக்கொண்டே இருந்தபடியால் முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போதும் எனக்கு மனசு ஒட்டாத நாட்கள் உண்டு. பள்ளிக்கூடச் சீருடை நூறு உருப்படி, ஒரே நிறம், ஒரே தையல், நாலாம் நாள் கண் எரியும். 2020-ல் ஊரடங்கில் முகக்கவசம் தைத்தே கை மரத்துப்போனது. அப்போதெல்லாம் ஒன்று செய்வேன். ஒரு உருப்படியை எடுத்து, இதைப் போடப்போகிற பிள்ளை யார் என்று சீட்டில் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டு மிஷினை மிதிப்பேன். மிதி ஓடத் தொடங்கிவிடும்.

பெசலெயேலைப் பற்றி இன்னொன்று. பிறருக்குக் கற்பிக்கிற வரத்தையும் தேவன் அவன் இருதயத்தில் வைத்தார் என்று யாத்திராகமம் 35:34-ல் இருக்கிறது. என்னிடம் இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ளுகிறார்கள். முதல் மாதம் அவர்களுக்குக் கத்தரி கொடுப்பதில்லை. பட்டுத் துணியின் ஓரத்திலிருந்து இழையை உருவச் சொல்வேன். எத்தனை இழை விட்டால் தையல் நிற்கும், எதற்கு மேல் நிற்காது என்று அவர்கள் விரலுக்கே தெரிய வேண்டும். ஏன் இதை இவ்வளவு நாள் செய்யச் சொல்லுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். அந்த மணமேடைக் கதையைச் சொன்னேன். மூடி வைக்காமல் சொன்னேன்.

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் பேதுருவுக்கு முன்பாக நின்று அழுது, அவள் உயிரோடிருக்கையில் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்தார்கள் (அப். 9:39). அவள் பேசின பேச்சு ஒன்றுகூட வேதத்தில் இல்லை. தையல்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம். பாஸ்டர் ஐயாவிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது, உங்கள் தொழிலின் கருவி ஒன்றைக் கொண்டு வாருங்கள். கொத்தனார் கரண்டி, கடைக்காரர் தராசுத் தட்டு, நர்ஸ் சகோதரி கைக்கடிகாரம், வாத்தியார் சாக்பீஸ், ஆட்டோ சகோதரன் சாவி, சமையற்கட்டுத் தாய்மார் அகப்பை, கம்ப்யூட்டர் வேலை செய்கிற தம்பிமார் அடையாள அட்டை. முன்னால் ஒரு ஜமுக்காளம் விரித்திருப்போம், அதில் வையுங்கள். ஒவ்வொருவரும் எழுந்து, கடைசியாக யாருக்காக மனசு வச்சு வேலை செய்தேன் என்று ஒரு ஆளின் காரியத்தைச் சொல்ல வேண்டும். "ஏதோ ஓடுது" என்று மாத்திரம் சொல்லக் கூடாது! சொல்ல ஒருவரும் நினைவுக்கு வராவிட்டால் அதையே சொல்லலாம், அதற்காகவும் ஜெபிப்போம்.

நான் என்னுடைய பத்து இஞ்சுக் கத்தரியைக் கொண்டு வருகிறேன். சாணை பிடித்துப் பிடித்து இப்போது ஒன்பதரைதான் இருக்கும். கூட்டம் காலை பத்து மணிக்கு. கூரான சாமான் கொண்டு வருகிறவர்கள் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் ஓடித் திரிவார்கள்.